கொம்பனித்தெருவில் எழுந்த ஹோட்டல்கள்: காணி யாருடையது, வேலை யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பெல்மதுளைச் சந்தியில் கொழும்புக்குப் போகும் 99 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், பின் ஆசனங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். மடியில் ஒரு பயணப்பை, கையில் வீட்டுச் சாப்பாட்டுப் பார்சல். கடைகளிலும் ஹோட்டல்களிலும் காவல் வேலையிலும் இருப்பவர்கள். மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வீட்டுக்கு வந்து திரும்புகிறவர்கள். அப்படியொரு பயணத்தில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எங்கே வேலை என்று கேட்டேன். கொம்பனித்தெருப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பிரிவு என்றாள். பெயரைப் போட வேண்டாம் என்றாள். ஹோட்டலின் பெயரையும் போடவில்லை.

"பஸ்ஸுல வர்றப்பவே அந்தக் கட்டடமெல்லாம் தெரியும்க்கா. அப்பாவுக்குப் போன்ல படம் எடுத்துக் காட்டுனேன். இத்தன வீடு கட்ட எடம் இருக்கு, நமக்கு ஏழு பேர்ச்சுக்கு எடம் இல்லையான்னு கேட்டாரு."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் காலி முகத்திடலிலிருந்து கொம்பனித்தெரு வரை எழுந்த ஹோட்டல்களையும் அங்காடிகளையும் பற்றி எழுதுபவர்கள் மாடிகளையும் அறைகளையும் முதலீட்டையும் எண்ணுகிறார்கள். காணி எப்படி வந்தது என்பதை எண்ணுவது குறைவு.

என்னென்ன வந்தன

முதலில் வந்தது ஷங்ரி-லா. இன்றைக்கு அது நிற்கும் இடத்தில் முன்பு இராணுவத் தலைமையகம் இருந்தது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்தவர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாக நினைவிருக்கும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். 2006 ஏப்ரல் 25இல் தலைமையக வளவுக்குள்ளேயே தற்கொலைத் தாக்குதல் நடந்தது. போர் முடிந்தபின் ஏறக்குறைய 10 ஏக்கர் காணி 12.5 கோடி டொலருக்கு ஷங்ரி-லாவுக்குக் கொடுக்கப்பட்டது. ஹோட்டல் 2017 நவம்பரில் திறந்தது. பக்கத்திலேயே வன் கோல் ஃபேஸ் அங்காடி 2019 நவம்பரில் திறந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த மூன்று கொழும்பு ஹோட்டல்களில் ஷங்ரி-லாவும் ஒன்று.

அதன்பின் வரிசையாக வந்தன. பேரே வாவியைப் பார்த்தபடி கொழும்பு சிட்டி சென்டர் 2018இல் திறந்தது. அதற்கு அருகில், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதுபோல 68 மாடி அல்டெயார். இந்தியாவின் ஐ.ரி.சி. நிறுவனம் 99 வருடக் குத்தகையில் காணி பெற்று, 352 அறைகளோடு ரத்னதீப ஹோட்டலை 2024 ஏப்ரலில் திறந்தது. ஐ.ரி.சி. இந்தியாவுக்கு வெளியே கட்டிய முதல் ஹோட்டல் அது. அதோடு சேர்ந்த குடியிருப்புக் கோபுரத்துக்கு வைத்த பெயர் 'சஃபயர்', அதாவது நீலக்கல். எங்கள் மாவட்டத்து மண்ணைத் தோண்டி எடுக்கும் கல்லின் பெயர். இரத்தினபுரியிலும் பெல்மதுளையிலும் இடுப்பளவு சேற்றில் நின்று கூடையில் அரிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ஜோன் கீல்ஸின் சினமன் லைஃப். 687 அறைகள், நூறு கோடி டொலருக்கு மேலான முதலீடு. ஹோட்டல் 2024 ஒக்டோபரில் திறந்தது. பெயர் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' என்றானது. மெல்கோ நிறுவனம் நடத்தும் கசினோ 2025 ஓகஸ்டில் தொடங்கியது. இவையெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்து சுற்றிவரக்கூடிய நிலத்துக்குள் இருக்கின்றன. இதற்கு மேற்கே கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரம் 269 ஹெக்டேயர். அது தனிக் கதை.

யார் இருந்தார்கள்

கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் இருந்த பெயர் 'அடிமைத் தீவு'. அதை மாற்றி, சிங்களத்தில் வழங்கும் கொம்பஞ்ஞவீதிய என்ற பெயரையே எல்லா மொழிக்கும் ஆக்கியது 2022இல்தான். மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று எல்லோரும் ஒரே சந்துக்குள் இருந்த இடம் அது. ரைஃபிள் வீதி, ஜாவா லேன், மலே வீதி என்று வீதிப் பெயர்களே வரலாற்றைச் சொல்லும். சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரம் இன்னமும் நிற்கிறது. அதைவிட உயரமான கோபுரங்கள் சுற்றிவர வந்துவிட்டன, அவ்வளவுதான். பழைய டி சொய்சா கட்டடத்தின் ஒரு பகுதி 2021இல் இடிந்து விழுந்தபோது பல பத்திரிகைகள் மரபுரிமை போகிறது என்று எழுதின. சந்துகளுக்குள் இருந்த வீடுகள் போனபோது அவ்வளவு எழுதவில்லை.

2010இல் ஒரு நிர்வாக மாற்றம் நடந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அமைச்சின் பெயரே 'பாதுகாப்பு மற்றும் நகர அபிவிருத்தி' என்றானது. 2015 ஜனவரி வரை அப்படித்தான். அதே 2010 மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சோடு தொடர்புடைய பாடசாலை ஒன்றை விரிவாக்க அந்த இடம் வேண்டியிருந்தது. வெளியேற்றும்போது இராணுவத்தினர் நின்றார்கள். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மக்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். வாடகைப் பணமும் பின்னர் அடுக்குமாடி வீடும் தர அரச தரப்பு இணங்குவதற்கு ஆண்டுகள் சென்றன.

வன்னியிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்ல வேண்டும். கேப்பாப்பிலவில் காணியைப் பிடித்து வைத்திருந்தது படை முகாம் என்று வெளிப்படையாகத் தெரிந்தது. கொம்பனித்தெருவில் அதே கையில் ஒரு நகர வரைபடமும் இருந்தது. 'அழகுபடுத்தல்' என்ற சொல்லும் இருந்தது.

அதிகார சபையின் கணக்கில் கொழும்பில் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் 'வசதி குறைந்த குடியிருப்புகளில்' இருந்தன. அவர்கள் இருந்த காணி ஏறத்தாழ 900 ஏக்கர், நகரப் பரப்பில் 9 சதவீதம். இந்த 9 சதவீதத்தை 'விடுவித்து' முதலீட்டுக்குக் கொடுப்பதுதான் நகரப் புத்தாக்கத் திட்டத்தின் கணக்கு. மக்களுக்கு 400 சதுர அடி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அடுக்குமாடி வீடு. தெமட்டகொட, வனாத்தமுல்ல போன்ற பக்கங்களில் அவை எழுந்தன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிலும் தொடர்ந்து வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வரும் விடயம் ஒன்று உண்டு: வெளியேற்றப்பட்ட எல்லோரும் அத்துமீறிக் குடியேறியவர்கள் அல்ல. உறுதி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். வரி கட்டியவர்கள், நிரந்தரமாகக் கட்டிய வீட்டில் இருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கிடைத்தது அதே அடுக்குமாடி வீடுதான். அதற்கும் மாதத் தவணை கட்ட வேண்டியிருந்தது.

ஜாவா லேன், ஜஸ்டிஸ் அக்பர் மாவத்தைப் பகுதியில் இந்தியாவின் டாட்டா ஹவுசிங் நிறுவனத்தோடு செய்த திட்டத்தில், மக்களுக்கு அதே இடத்திலேயே வீடு தருவதாகச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு வரும்வரை குடும்பங்கள் வாடகை வீடுகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சினமன் லைஃப் எழுந்த இடத்தின் பெரும் பகுதி அந்த நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்த காணி. ஷங்ரி-லா எழுந்தது இராணுவ வளவில், குடிமனைகளில் அல்ல. ஒவ்வொரு கோபுரத்தின் கீழும் ஒரு இடித்த வீடு இருக்கிறது என்று எழுதுவது எளிது, ஆனால் உண்மை அல்ல. அந்தக் கோபுரங்கள் பக்கத்துச் சந்தின் விலையை ஏற்றின. விலை ஏறிய பிறகு அந்தச் சந்தில் ஏழைகள் இருப்பது 'வீண்' என்று தோன்ற ஆரம்பித்தது.

வேலை யாருக்கு

பஸ்ஸில் வந்த பெண்ணை ஹோட்டல் நேரடியாக எடுக்கவில்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் போயிருக்கிறாள். எட்டு மணித்தியாலம் என்று சொன்ன வேலை பத்தாகும். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. தங்குவது நாலு பேர் சேர்ந்து எடுத்த போர்டிங்கில். ஹோட்டல் பில்லில் போடும் 10 சதவீத சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பங்கிடுவது வழக்கம். அது அவளுக்குக் கிடைப்பதில்லை. "நாங்க ஹோட்டல் ஆளு இல்லையாம்க்கா. யூனிபோர்ம் மட்டும் ஹோட்டலோடது."

இப்படி வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினால், வேலை கொடுப்பவர் 12 சதவீதம் போட வேண்டும். அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். ஒப்பந்தக்காரர் வெட்டுகிறார், கட்டுகிறாரா என்பதை அங்கத்துவ இலக்கத்தை வைத்துப் பார்க்கலாம். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடும் செய்யலாம். அவளுக்குத் தன் இலக்கம் தெரியாது. பயண முடிவில் ஒப்பந்தக்காரரிடம் கேட்பதாகச் சொன்னாள்.

அதற்காக அவள் தோட்டத்துக்குத் திரும்புவாளா? மாட்டாள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதற்கும் கிலோக் கணக்கு இருக்கிறது, வேலை நாள் குறைகிறது. கொழும்பில் கிடைப்பது அதைவிடக் கூட. தோட்டத்தில் யாரும் 'நீ எந்த லயத்துப் பிள்ளை' என்று கேட்காமல் விடமாட்டார்கள், கொழும்பில் கேட்பதில்லை என்பதும் அவளுக்கு ஒரு காரணம்.

வீதி எங்கள் பக்கம் திரும்பும்போது

இது கொழும்பின் கதை மட்டும் அல்ல. ருவன்புர அதிவேக நெடுஞ்சாலைத் திட்டம் கஹதுடுவையில் தொடங்கி, இங்கிரிய, இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளையில் முடிவதாக வரையப்பட்டது. ஏறக்குறைய 74 கிலோமீற்றர். பொருளாதார நெருக்கடியில் திட்டம் முடங்கியது. ஆனால் வரைபடம் இருக்கிறது. பதுளை வீதியும் எம்பிலிப்பிட்டி வீதியும் பிரியும் சந்தி பெல்மதுளை. அதிவேக வீதி வந்து இறங்கும் இடத்தில் ஹோட்டலும் கடைத்தொகுதியும் வரும், காணி விலை ஏறும். ஒரு காலத்தில் ஓப்பநாயக்க வரை போன சின்ன ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. 1976இல் அது நின்றது. அதனால் வீதி வருவதை நான் எதிர்க்கவில்லை. லயத்தில் இருப்பவர்கள் அப்போது எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள் என்பதுதான் என் கவலை.

தோட்டக் காணிகள் 1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு அரசுக்குப் போயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது, குத்தகையாக. லயத்தில் நான்கு தலைமுறை இருந்த குடும்பத்துக்கும் அந்த அறை சட்டப்படி தோட்டத்தின் அறை. பலருக்குத் தனி விலாசமே இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும்.

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டம். பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்றால் 2ஆம் பிரிவு அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அந்த இடத்தில் ஒட்டப்பட வேண்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். பிறகு உரிமை விசாரணை, நட்டஈடு. ஆனால் 38ஆம் பிரிவின் (அ) விதிப்படி 'அவசரம்' என்று கட்டளை போட்டால், இந்தப் படிகள் முடியுமுன்னரே காணி கைமாறலாம். முதல் அறிவித்தலைக் கண்ட அன்றே அசைய வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

மற்றது 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப்பெறல்) சட்டம். இதுதான் எங்களுக்கு ஆபத்தானது. வெளியேறச் சொல்லி அறிவித்தல் வரும், முப்பது நாட்களுக்குக் குறையாத காலம் தரப்படும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே எத்தனை வருடம் இருந்தோம் என்ற கதைக்கு இடமில்லை. செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ இருக்கிறதா என்பதே கேள்வி. தோட்டக் குடியிருப்பாளருக்கு எதிராகவும் இந்தச் சட்டம் பாவிக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கம் நிற்கக்கூடியது 2001இல் அமைச்சரவை ஏற்ற, கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை. உறுதி இல்லாதவர்களுக்கும் இழப்பீடும் மாற்று இடமும் வேண்டும் என்று அது சொல்கிறது. கொள்கைதான், சட்டம் அல்ல. இருந்தாலும் தெற்கு அதிவேக வீதிக்கு இடம்விட்டவர்களில் உறுதி இல்லாதவர்களும் இழப்பீட்டுக் குழுக்களுக்கு முன்னால் போய்ப் பேச முடிந்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது. கேட்பதற்கு வாக்காளர் இடாப்பின் பிரதி, மின்கட்டணச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம், தோட்டக் காரியாலயம் எப்போதாவது எழுதிக் கொடுத்த எந்தத் துண்டும் தேவைப்படும்.

1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டபோது எங்கள் பெரியம்மா குடும்பம் வவுனியாவுக்குப் போனது. லயத்தை விட்டு ஓடியபோது எடுத்துக்கொண்டது உடுப்பும் ஒரு பெட்டியும். வவுனியாவில் காணித்துண்டு கிடைத்தது, பத்திரம் கிடைக்கவில்லை. பிறகு இடம்பெயர்ந்து திரும்பியபோது, அந்தத் துண்டு தங்களுடையது என்று சொல்ல அவர்களிடம் இருந்தது ஒரு பங்கீட்டு அட்டை மட்டும்.

இந்தக் கதையை அவிசாவளை தாண்டும்போது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தன் தாத்தா காலத்தில் தோட்டத்துத் துரை கையெழுத்திட்ட ஒரு கடிதம் வீட்டில் இருக்கிறது என்றாள். லயத்து அறையை அவர்களுக்குக் கொடுத்த கடிதம், அப்பா பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். மூன்று நிழற்பிரதி எடுத்து ஒன்றைக் கொழும்பில் வைத்துக்கொள், மற்றதை வேறொரு வீட்டில் வை என்றேன்.

"அடுத்த லீவு பதினெட்டு நாள் கழிச்சுத்தான்க்கா. எடுத்துட்டு வர்றேன்."