வண்ணாரப்பேட்டையும் வெள்ளைக்காரன் வீட்டுச் சுவரும்

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. ஆணி அதிகம், மன்னிச்சுக்குங்க மக்கா.

ஆன்சைட்னு லண்டன் பக்கம் வந்து இறங்கினது ஒரு செப்டம்பர் கடைசியில. வாடகைக்குப் பிடிச்ச வீடு சின்னது. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர், ஜன்னல்ல ஒரு பேருக்கு மெல்லிசா ஒரு திரை. அக்டோபர் ரெண்டாவது வாரம் மரத்துல இலையெல்லாம் பழுத்து உதிர ஆரம்பிச்சதும் அந்த ஜன்னல் வழியா குளிர் உள்ள வந்து நம்ம கூடவே குடித்தனம் நடத்த ஆரம்பிச்சுடுச்சு. ஹீட்டரைப் போட்டா பில்லைப் பார்த்து வேர்க்குது. சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கக்கூடாதுன்னு வீட்டு ஓனர் அக்ரிமெண்ட்லயே எழுதிட்டார். (ஆபீஸ்ல முழுநாள் ஆணி புடுங்குறவனுக்கு வீட்டுல ஒரு ஆணி அடிக்க உரிமை இல்ல!)

தங்கமணி ஒரு முடிவோட சாரிட்டி ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. யாரோ கழிச்சுப் போட்ட கனமான திரைச்சீலை ஒரு ஜோடி, 8 பவுண்டு. வெள்ளைத் தரையில பெரிய பெரிய சிவப்புப் பூ, வளைஞ்சு நெளிஞ்ச கொடி. மாட்டினதும் வீடே மாறிப்போச்சு. குளிரும் பாதி குறைஞ்சுது. டீ போட்டுட்டு உட்கார்ந்து அதையே பார்த்துட்டு இருந்தப்ப தங்கமணி கேட்டாங்க:

"ஏங்க, இதுல இலையெல்லாம் ஏன் நீலமா இருக்கு?"

நல்ல கேள்வி. பூ சிவப்பு, சரி. கிளை பழுப்பு, சரி. இலை மட்டும் நீலம். இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவன்தான், கடைசில எங்க ஊர்லயே வந்து நின்னேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல, இந்த ஊர்க்காரங்க எதுக்குச் சுவத்துல துணி மாட்டினாங்க? அழகுக்கு மட்டும் இல்ல, குளிருக்கு. கல்சுவர் குளிர் காலத்துல ஐஸ் கட்டி மாதிரி ஆயிடும். அதனால பணம் இருந்தவன் கம்பளி நூல்ல சித்திரம் நெய்த கனமான தொங்கல் துணிகளை வாங்கி மாட்டினான். எட்டாம் ஹென்றி 1547-ல சாகும்போது அவர்கிட்ட 2,000-க்கும் மேல இந்த மாதிரி துணிகள் இருந்ததாக் கணக்கு எடுத்திருக்காங்க. ஒரு துணி நெய்யவே மாசக்கணக்குல, பெரிசா இருந்தா வருஷக்கணக்குல ஆகும். விலையைக் கேக்கவே வேண்டாம்.

பணம் இல்லாதவன்? அவனுக்கும் அதே குளிர்தானே. அவன் சாதா லினன் துணி வாங்கி, பசை கலந்த வண்ணத்துல பைபிள் கதையோ பூவோ இலையோ வரைஞ்சு மாட்டிக்கிட்டான். தூரத்துல இருந்து பார்த்தா நெய்த துணி மாதிரியே இருக்கும். பட்ஜெட் அலங்காரம்கிறது நாம கண்டுபிடிச்சது இல்லீங்க. ஷேக்ஸ்பியரோட அம்மா வழித் தாத்தா ராபர்ட் ஆர்டன் ஒரு விவசாயி. அவர் 1556-ல செத்தப்ப எடுத்த சொத்துப் பட்டியல்ல இந்த மாதிரி வரைஞ்ச துணி 11 இருந்திருக்கு. ஒரு விவசாயி வீட்டுல 11!

ஆனா இதுல ஒரு கோளாறு. அந்த வண்ணம் துணி மேல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும், உள்ள இறங்காது. ஈரம் பட்டா உரியும். துவைக்க முடியாது. அதனாலதான் அந்தக் காலத்துல ஆயிரக்கணக்கான வீட்டுல தொங்கின துணிகள்ல இன்னைக்குத் தப்பிப் பிழைச்சது ரொம்பக் கொஞ்சம்.

இந்த இடத்துலதான் நம்மாளுங்க என்ட்ரி கொடுக்கறாங்க.

சோழமண்டலக் கரையில பருத்தித் துணில மூங்கில் பேனாவால சித்திரம் வரைஞ்சு சாயம் ஏத்தற வித்தை பல தலைமுறையா நடந்துட்டு இருந்தது. கலம்காரின்னு இன்னைக்கு நாம சொல்றது. வெள்ளைக்காரன் அதுக்கு வெச்ச பேர் சின்ட்ஸ். துவைச்சாலும் போகாத வண்ணம்கிறது அவன் அதுவரைக்கும் பார்க்காத அதிசயம். கம்பளித் தொங்கலை விட எவ்வளவோ மலிவு வேற. விடுவானா?

1663-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி. லண்டன்ல சாமுவேல் பெப்பிஸ்னு ஒரு கடற்படை அலுவலக அதிகாரி. ஒரு தையல்காரரோட பையன், படிச்சு மேல வந்தவர். தினம் நாட்குறிப்பு எழுதுவார் (அந்தக் காலத்து பிளாக்கர்னு வெச்சுக்குங்க :-)). அன்னைக்கு அவர் கார்ன்ஹில் பக்கம் கடை கடையா ஏறி இறங்கி, மனைவியோட புதுப் படிப்பறைச் சுவத்துல மாட்ட ஒரு இந்திய சின்ட்ஸ் துணி வாங்கினதை எழுதி வெச்சிருக்கார். அதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முன்னூத்தி அறுபது வருஷம் முன்னாடியும் செப்டம்பர்ல ஒரு ரங்கமணி, தங்கமணிக்காகத் துணி தேடி அலைஞ்சிருக்கார்.

சரி, அந்த நீல இலை?

துணி எப்படித் தயாராச்சுன்னு பார்த்தா பதில் கிடைச்சுடும். இதை எழுதி வெச்சது நம்மாளுங்க இல்ல. பிரெஞ்சுக்காரங்க. 1734 வாக்குல பொலியூங்கற கப்பல் அதிகாரி புதுச்சேரில பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்துக் குறிப்போட சேர்த்து வெச்சார். 1742-ல கேர்தூங்கற பாதிரியார் கடிதமா எழுதினார். ரெண்டுமே ஐரோப்பாவுக்குப் போச்சு. இன்னைக்கு பாஷைல சொன்னா சோர்ஸ் கோடையே காப்பி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

செய்முறை இதுதான். முதல்ல வண்ணார் துணியை வெளுத்துத் தருவார். அதை எருமைப்பாலும் கடுக்காயும் கலந்த தண்ணில முக்கி வெயில்ல காயப் போடணும். கடுக்காய் சாயம் பிடிக்க உதவும், பாலோட கொழுப்பு மை பரவாமத் தடுக்கும். அப்புறம் மரக்கட்டையால தட்டி மழமழன்னு ஆக்கணும். ஊசியால துளை போட்ட காகிதத்தைத் துணி மேல வெச்சு கரித்தூளைத் தட்டினா படம் புள்ளிபுள்ளியா இறங்கும். இரும்புத் துண்டுகளைப் புளிக்க வெச்ச தண்ணி கறுப்புக் கோட்டுக்கு. சிவப்பு வேண்டிய இடத்துல படிகாரத் தண்ணி. அதுல கலரே இருக்காது! அதுக்கப்புறம் துணியைச் சாயவேர் போட்டுக் கொதிக்க வெச்சா, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அந்தச் சாயவேர் நம்ம கடற்கரை மணல்ல விளையற சின்னச் செடியோட வேர். மத்த இடத்துல லேசா ஒட்டின சிவப்பைப் போக்க சாணித் தண்ணில முக்கி, வெயில்ல விரிச்சு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு நாள் கணக்குல வெளுக்கணும். அப்புறம் நீலம் வேண்டிய இடத்தை விட்டுட்டு துணி முழுக்க மெழுகு பூசி அவுரிச் சாயத்துல முக்கணும். மெழுகை வெந்நீர்ல எடுத்து, திரும்ப வெளுத்து, திரும்பச் சிவப்பு.

கடைசியாத்தான் மஞ்சள். நீலத்து மேல மஞ்சள் தடவினா பச்சை. அதுதான் இலை. ஆனா இந்த மஞ்சள் மட்டும் கெட்டி இல்ல. சிவப்பும் நீலமும் துணியோட உயிரோட ஒட்டினது, மஞ்சளோ வெயிலுக்கும் தண்ணிக்கும் போயிடும். மஞ்சள் போனா பச்சை இலை நீல இலை ஆயிடும். பழைய சின்ட்ஸ் துணிகள்ல இலைகள் நீலமா இருக்கறது இதனாலதான். எங்க 8 பவுண்டு திரைச்சீலையை வடிவமைச்சவர் அந்த வெளுத்துப்போன இலையைத்தான் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கணும். பக் எல்லாம் ஃபீச்சர் ஆகறது நம்ம துறைல மட்டும் இல்ல :-)

இன்னொரு கூத்து. பூ, கொடி, வெள்ளைத் தரை எல்லாமே முழுக்க நம்ம ரசனைன்னு நினைச்சுடாதீங்க. 1643-லயே லண்டன் கம்பெனி சூரத்துக்கு எழுதுது: நீங்க அனுப்பற துணில சிவப்புத் தரை ஜாஸ்தி, இங்க எல்லாருக்கும் பிடிக்கல, வெள்ளைத் தரை அதிகமா வெச்சு அனுப்புங்கன்னு. அப்புறம் மாதிரிப் படங்களே கப்பல்ல வர ஆரம்பிச்சுது. கிளையண்ட் லண்டன்ல, டெலிவரி சோழமண்டலக் கரையில, பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல. இதைப் படிக்கிற சக ஆணிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னைப் பட்டணம் உருவான கதையே இந்தத் துணிதான். 1639-ல பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததுக்கு முக்கியக் காரணமா எழுதினது, இங்க துணி மத்த இடத்தை விட 20 சதவீதம் மலிவுன்னு. துறைமுகம் கூடக் கிடையாது, அலைல படகு கவிழும். மலிவுத் துணிக்காக ஒரு நகரம்! அப்புறம் துணிக்காகவே பேட்டைகள் வந்துச்சு. 1734-ல சிந்தாதிரிப்பேட்டையை நூற்கறவங்க, நெய்யறவங்க, துணியில வரையறவங்க, வெளுக்கறவங்க குடியிருக்கறதுக்குன்னே உருவாக்கினாங்க. அதுக்கும் முன்னாடி, கம்பெனித் துணியைக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி வெளுத்துத் தந்தவங்க வாழ்ந்த இடம், வண்ணாரப்பேட்டை.

எங்க பேட்டை.

இதைச் சொல்லியே ஆகணும். இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல முதல் நாள் "சென்னைல எங்கடா?"ன்னு கேட்டப்ப "வண்ணாரப்பேட்டை"ன்னேன். ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். ரெண்டாவது தடவை யாரோ கேட்டப்ப "ராயபுரம் பக்கம்"னு சொன்னேன். நாலு வருஷமும் ராயபுரம் பக்கம்தான். வேலைல சேர்ந்தப்பவும் அதேதான். அப்பாவுக்கு இது தெரியாது.

அந்தச் செய்முறையைத் திரும்பப் படிங்க. முதல் கட்டம் வெளுப்பு. நடுவுல வெளுப்பு. சிவப்புக்கு அப்புறம் வெளுப்பு, மெழுகு எடுத்ததும் வெளுப்பு. வெளுத்தவர் கை ஒரு தடவை தப்பினா வரைஞ்சவர் மாசக்கணக்குல பண்ணினது போச்சு. உலகம் வாயைப் பிளந்த அந்த வெள்ளைத் தரையை உண்டாக்கினதே வண்ணார்தான். மியூசியப் பலகைல அவர் பேரும் இல்ல, வரைஞ்சவர் பேரும் இல்ல. ஆனா இவங்க வாயில்லாப் பூச்சிகளும் இல்ல. 1680-ல சென்னையில துணி வரையறவங்க கம்பெனியோட முறைச்சுக்கிட்டு சாந்தோம்ல போய்க் கூடி, மத்த சாதிக்காரங்களையும் சேரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்காங்க.

அங்க லண்டன்ல என்ன ஆச்சு? மலிவான, அழகான, துவைக்கக்கூடிய துணி வந்தா உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளி என்ன பண்ணுவான்? அவனுக்கும் வயிறு இருக்கே. பாராளுமன்றம் 1700-ல ஒரு சட்டம் போட்டு, 1701 செப்டம்பர் 29-ல இருந்து வண்ணம் தீட்டின இந்தியப் பருத்தித் துணியை உடுத்தவோ வீட்டு அலங்காரத்துக்கு வைக்கவோ கூடாதுன்னு தடை பண்ணுச்சு. பிரான்ஸ் 1686-லயே தடை பண்ணிடுச்சு. உடனே இங்கிலாந்துல வெள்ளைத் துணியை வரவழைச்சு இங்கேயே அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. 1719-ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிகள் தெருவுல இறங்கி, அந்தத் துணி உடுத்திப் போன பொம்பளைங்க மேல மையும் அமிலமும் ஊத்தினாங்க. 1721-ல இன்னும் கடுமையான சட்டம். உடுத்தினா 5 பவுண்டு அபராதம், வித்தா 20 பவுண்டு. ஆனா கம்பெனி இந்தியத் துணியை லண்டன் வழியா மத்த நாடுகளுக்கு வித்துக்கிட்டேதான் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுல அடிமைகளை வாங்கறதுக்குக் கொடுத்த சரக்குலயும் நம்ம ஊர்ப் பருத்தித் துணி உண்டு. பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே நினைச்சுக்கணும்.

ஒரு சனிக்கிழமை விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போனோம் (அனுமதி இலவசம், பட்ஜெட் பத்மநாபன்களுக்கு உகந்தது). அங்க டேவிட் கேரிக்னு அந்தக் கால நாடக நடிகரோட கட்டில் இருக்கு. அதுக்குத் திரையா கல்கத்தா வியாபாரிகள் பரிசா அனுப்பின, மசூலிப்பட்டினத்து சின்ட்ஸ். தடை இருந்ததால 1775-ல சுங்க அதிகாரிகள் பறிமுதல் பண்ணிட்டாங்க. பெரிய மனுஷன், அரசாங்கத்துக்கு எழுதிக் கெஞ்ச வேண்டியதாயிடுச்சு.

தடை நீங்கினது 1774-ல. ஆனா யாருக்கு? இங்கிலாந்துல நெய்த பருத்தித் துணிக்கு மட்டும். அது இந்தியத் துணி இல்லைன்னு காட்ட ஓரத்துல மூணு நீல இழை வெச்சு நெய்யணும். அதுக்குள்ள இவங்க நூற்பு இயந்திரம் கண்டுபிடிச்சாச்சு, சாய ரகசியமும் கடிதத்துல வந்தாச்சு. 1783-ல தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். மாசக்கணக்குல வரைஞ்சது நிமிஷக் கணக்குல வர ஆரம்பிச்சுது. அடுத்த நூற்றாண்டுல மான்செஸ்டர் துணி நம்ம ஊர்ச் சந்தைக்கே வந்துடுச்சு. மலிவுக்காக நம்மகிட்ட வந்தவன், நம்மளை விட மலிவா செஞ்சு நம்மகிட்டயே வித்தான். சின்ட்ஸ்ல இருந்து ஆங்கிலத்துல ஒரு வசவு வார்த்தையே பிறந்துது: சின்ட்ஸி. அர்த்தம், மட்டமானது, மலிவானது!

முழுசா அழிஞ்சுடல. காளஹஸ்தில வரையறாங்க. மசூலிப்பட்டினம் பக்கம் அச்சுக்கட்டையால பண்றாங்க. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. விரல் விட்டு எண்ணுற குடும்பங்கள்தான். ஊருக்குப் போறப்ப அங்க ஒரு துணி வாங்கணும்னு தங்கமணி சொல்லியாச்சு. அது 8 பவுண்டுக்கு வராதுன்னு எனக்கும் தெரியும், பேரம் பேசறதா இல்ல.

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தமிழ்ப் பையன் காபி மெஷின் பக்கத்துல கேட்டான்: "அண்ணா, சென்னைல எந்த ஏரியா?"

"வண்ணாரப்பேட்டை"ன்னேன்.

"ஓ"ன்னு ஒரு சிரிப்பு. பழகின சிரிப்புதான்.

"டைம் இருக்கா தம்பி? உக்காரு, ஒரு கதை சொல்றேன்"னேன்.