எஸ்டேட் டிரஸ்டி நீக்கம்: ஒன்டாரியோ சட்டம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இறந்தவரின் சொத்தைத் திரட்டி, கடனையும் வரியையும் அடைத்து, மீதியை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர் எஸ்டேட் டிரஸ்டி. உயிலில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர், உயில் இல்லாதபோது நீதிமன்றம் அமர்த்தும் நிர்வாகி ஆகிய இருவரையுமே 1995 முதல் அங்குள்ள நீதிமன்ற விதிகள் இப்பெயரால் குறிக்கின்றன. பிள்ளைகளில் எவருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று பெற்றோர் சிலர் இருவரையோ மூவரையோ சேர்த்து நியமித்துவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் பெரும்பான்மை முடிவு செல்லும் என்று உயில் சொல்லாதவரை, இணை டிரஸ்டிகள் பொதுவாக ஒருமித்தே இயங்க வேண்டும். ஒருவர் கையெழுத்திட மறுத்தால் வீட்டை விற்க முடியாது, பங்கு பிரிக்க முடியாது. வரியும் காப்பீடும் பராமரிப்புச் செலவும் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மாகாண டிரஸ்டி சட்டத்தின் 37ஆம் பிரிவு, டிரஸ்டியை நீக்கி வேறொருவரை அமர்த்தும் அதிகாரத்தைச் சுப்பீரியர் கோர்ட்டுக்குத் தருகிறது. சொத்தில் உரிமையுள்ளவர்கள் மட்டுமல்ல, சக டிரஸ்டியின் நடத்தைமீது குறை சொல்லும் டிரஸ்டியும் மனுச் செய்யலாம். எப்போது நீக்கலாம் என்பதற்கான அளவுகோல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியிலிருந்து, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன லெட்டர்ஸ்டெட் எதிர் ப்ரோயர்ஸ் வழக்கில் (1884) பிறந்தது. சொத்தைப் பெறவேண்டிய பயனாளிகளின் நலனே முதன்மை வழிகாட்டி என்றும், மனக்கசப்பு ஒன்றே நீக்கத்துக்குப் போதாது என்றும் அங்கே தீர்ப்பளித்த பிளாக்பர்ன் பிரபு வகுத்தார். இந்த இரண்டாவது விதியை இணை டிரஸ்டிகளின் பிணக்குக்கு அப்படியே பொருத்துவது தவறு. அந்த வழக்கில் பகை பயனாளிக்கும் டிரஸ்டிக்கும் இடையில் இருந்தது. பயனாளி வெறுத்தாலும் டிரஸ்டியால் வேலையைச் செய்து முடிக்க முடியும். இணை டிரஸ்டிகள் பகைத்துக்கொண்டாலோ, ஒருமித்த முடிவு வேண்டும் என்ற விதி அந்தப் பகையையே முடக்கமாக்கிவிடுகிறது. ஆகவே அங்கே யார்மீது தவறு என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். நிர்வாகம் இனி நகருமா என்பதே முதல் கேள்வி. கடந்தகாலத் தவறுக்குத் தண்டனையாக அல்ல, சொத்தையும் பயனாளிகளையும் காக்கவே நீக்கம் என்று ராட்ஃபோர்ட் வழக்கில் (2008) ஒன்டாரியோ நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பார்வைக்கு வலுச் சேர்க்கிறது.

இறந்தவர் ஆராய்ந்து தேர்ந்தவரை நீதிமன்றம் எப்படி மாற்றலாம் என்ற மறுப்பு வலுவானது. மிகத் தெளிவான சான்றின்றி அந்தத் தேர்வில் கை வைக்கக் கூடாது என்பது வைல் வழக்கிலிருந்தே (1961) நிலைத்த நெறி. ஆயினும் உயில் எழுதியவர் விரும்பியது சொத்து உரியவர்களைச் சேர வேண்டும் என்பதை. நியமனம் அதற்கான வழி மட்டுமே. வழியே தடையானபின் அதைக் காப்பது அவர் விருப்பத்தைக் காப்பதாகாது. முரண்டு பிடிப்பவரே முடக்கத்தை உண்டாக்கிவிட்டு மற்றவரை வெளியேற்றிவிடுவாரே என்பது இன்னொரு மறுப்பு. முடக்கத்தின் காரணத்தையும் நீதிமன்றம் பார்க்கிறது என்பதே இதற்கு விடை. தடை செய்பவரை மட்டும் நீக்கி மற்றவரைத் தனியே தொடரவிடலாம். 37ஆம் பிரிவு அப்போது புதியவரை அமர்த்தக் கட்டாயப்படுத்துவதில்லை. இருவருமே பொருந்தாதவர்கள் என்றால் இருவரையும் விலக்கி, டிரஸ்ட் நிறுவனம் போன்ற நடுநிலையாளரிடம் ஒப்படைக்கலாம். அந்த நிறுவனத்துக்கும் கட்டணம் உண்டு. சிறிய சொத்தில் அது கணிசமாகக் கடிக்கும். ஆகவே பிணக்கு ஒரே ஒரு விஷயத்தில் என்றால் நீக்கம் தேவையில்லை. டிரஸ்டி சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தின் வழிகாட்டலைக் கேட்டாலே போதும்.

மனுதாரர் காட்ட வேண்டியது குடும்பப் பகையின் வரலாற்றை அல்ல. பதில் வராத கடிதங்கள், கைநழுவிய விற்பனை, செலுத்தாமல் விட்ட வரிக்கு விழுந்த அபராதம் ஆகியவையே சான்றுகள். நீக்கப்பட்டவரின் கடமையும் அன்றோடு தீர்வதில்லை. தம் பொறுப்புக் காலத்துக் கணக்கை ஒப்புவிக்குமாறு நீதிமன்றம் அவருக்கு உத்தரவிடலாம். அந்தக் கணக்கில் இழப்புத் தெரிந்தால் அவர் அதை ஈடுசெய்யவும் நேரும்.