குழாயில் உப்புக்கறையா? ஆசிட் வேண்டாம், எலுமிச்சை போதும்

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாய், எவர்சில்வர் குடம், கண்ணாடி டம்ளர் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்துவிடும். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காரணம், அது அழுக்கு இல்லை, சுண்ணாம்பு. புளிப்புக்குத்தான் கரையும்.

வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டாலோ, எலுமிச்சை மூடியால் தேய்த்தாலோ கறை கழன்று வரும். பித்தளை, செம்புக்கு இருக்கவே இருக்கிறது புளி. துருப்பிடித்த அரிவாள்மனையை வினிகரில் சில மணி நேரம் ஊறப்போட்டு, கம்பி நாரால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். ஈரத்தோடு வைத்தால் திரும்பவும் துரு ஏறும்.

சிலர் அவசரப்பட்டு பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். எவர்சில்வரையே அது அரித்துவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும், உயிரே போகலாம். வினிகரோடும் பிளீச்சிங் பவுடரை கலக்கக் கூடாது. நெடி அடித்தால் கழுவியதெல்லாம் போதும், அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.