சிரோசிஸ்

சிரோசிஸ் (பெ.): கல்லீரலில் தழும்பு முற்றி, ஈரல் இறுகும் நிலை, கல்லீரல் இழைநார் வளர்ச்சி.

வேர்: பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் ‘கிர்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், ஈரலின் நிறம் கண்டு 1819இல் இட்ட பெயர்.

விளக்கம்: அந்த நிறத்தை உடலைத் திறந்துதான் பார்க்க முடிந்தது. இன்று ரத்தமே குறிப்பு காட்டுகிறது. ஏ.எஸ்.டி. நொதியைத் தட்டணுவோடு ஒப்பிடுவது ‘ஏப்ரி’, அவற்றோடு வயதையும் ஏ.எல்.டி. நொதியையும் சேர்ப்பது ‘ஃபிப்-4’. ஃபிப்-4 மதிப்பு 1.45க்குக் கீழிருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 3.25க்கு மேலென்றால் அதிகம்.

கடலூரானாலும் சிதம்பரமானாலும், எளிய ரத்தப் பரிசோதனை எண்களே இக்கணக்குக்குப் போதும். ஈரலில் தழும்பை உண்டாக்கக்கூடிய நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்கள் மருத்துவரிடம் இக்கணக்கைப் பற்றித் தயங்காமல் கேட்க வேண்டும். தழும்பு முற்றுமுன் அறிந்தால் ஈரலைக் காக்கலாம்.