மெஷினுக்குக் காப்புரிமை உண்டு, பெயருக்கு ஓனர் இல்லை: ஜோசஃப் பிலாட்டீஸ் கதை

கடையில போய் "ரெண்டு ஜெராக்ஸ் போடுங்கண்ணா"ன்னு கேக்குறோம். உள்ள இருக்கிறது எந்தக் கம்பெனி மெஷின்னு யாரும் பாக்குறதில்ல. ஒரு கம்பெனி பெயர் இப்படிப் பொதுச்சொல்லா மாறுறது நமக்குப் பழகின விஷயம். ஆனா ஒரு மனுஷனோட குடும்பப் பெயரே அப்படி மாறிட்டா? அமெரிக்காவுல அது கோர்ட் வரைக்கும் போச்சு. இன்னைக்கு எபிசோடு அந்த மனுஷனைப் பத்தி.

ஜோசஃப் பிலாட்டீஸ் 1883-ல ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரத்துல பிறந்தவர். சின்ன வயசுல ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல்னு வரிசையா நோய். அந்த உடம்பைத் தேத்தணும்னுதான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டைன்னு இறங்கினார். முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னாடி இங்கிலாந்துக்குப் போனார். போர் வந்ததும் அவர் "எதிரி நாட்டுக்காரர்" ஆயிட்டார். முதல்ல லங்காஸ்டர், அப்புறம் ஐல் ஆஃப் மேன் தீவுல இருந்த நாக்கலோ தடுப்பு முகாம். முள்வேலிக்குள்ள 20,000 பேருக்கு மேல அடைச்சு வச்சிருந்த இடம்.

இங்கதான் அந்தப் பிரபலமான கதை வருது. படுத்த படுக்கையா இருந்த நோயாளிகளோட கட்டில்ல ஸ்பிரிங் மாட்டி உடற்பயிற்சி செய்ய வச்சார்னு சொல்வாங்க. கதையைக் கதையாவே வச்சுக்கலாம். ஆனா அவர் பிற்காலத்துல செஞ்ச கருவிகளைப் பாருங்க: படுக்கை, ஸ்பிரிங், பெல்ட். இந்த மூணும் திரும்பத் திரும்ப வரும்.

1926-ல அமெரிக்கா. வாழ்க்கைத்துணை கிளாராவோட சேர்ந்து நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவுல ஸ்டூடியோ போடுறார். 1927-ல ஒரு உடற்பயிற்சிக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைக்குது. இன்னைக்கு நாம "ரிஃபார்மர்"னு சொல்ற மெஷினோட மூதாதை அது.

ரிஃபார்மர் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்ப்போம். கட்டில் மாதிரி ஒரு சட்டம். அதுக்குள்ள சக்கரம் வச்ச ஒரு பலகை முன்னும் பின்னும் ஓடும். பலகையை ஸ்பிரிங் பிடிச்சு இழுக்கும். நீங்க படுத்துக்கிட்டு காலால தள்ளணும். டம்பெல்லோட எடை எப்பவும் கீழ் நோக்கித்தான் இழுக்கும். ஸ்பிரிங் அப்படியில்ல. எந்தத் திசையில மாட்டுறீங்களோ அந்தத் திசையில இழுக்கும், நீள நீள எதிர்ப்பும் கூடும். தள்ளுறது பாதி வேலைதான். திரும்பி வரும்போது பலகை "டமால்"னு போய் இடிக்காம பிடிச்சு நிறுத்தணும், அதுதான் மீதி வேலை. இந்தக் கட்டுப்பாடுதான் அவருக்கு முக்கியம். அதனாலதான் தன்னோட முறைக்கு "கான்ட்ராலஜி"ன்னு பெயர் வச்சார். கவனிங்க, "பிலாட்டீஸ்"னு அவர் பெயர் வைக்கல.

ஸ்டூடியோவுக்கு டான்ஸர்கள் வர ஆரம்பிச்சாங்க. ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் மாதிரியான ஜாம்பவான்கள் தங்களோட டான்ஸர்களை அனுப்பினாங்க. அடிபட்ட டான்ஸருக்கு, உடம்பு எடையைக் கால்ல ஏத்தாம படுத்துக்கிட்டே பயிற்சி செய்ய முடியுறது பெரிய விஷயம். ஆனா பிலாட்டீஸ் ஆசைப்பட்டது டான்ஸ் உலகம் மட்டுமில்ல. டாக்டர்கள் ஏத்துக்கணும், ஊரே செய்யணும்னு நினைச்சார். 1934-லயும் 1945-லயும் புத்தகம் போட்டார். அந்த அங்கீகாரம் வரல. தான் காலத்துக்கு 50 வருஷம் முன்னாடி இருக்கிறதா சொல்லிக்கிட்டே இருந்தவர், 1967-ல 83 வயசுல இறந்துட்டார். "இவர்தான் என் வாரிசு"ன்னு யாரையும் கைகாட்டிட்டுப் போகல.

அதுக்கப்புறம் நடந்ததை நம்ம பாஷையில சொன்னா, ஃபோர்க் மேல ஃபோர்க். கிளாரா ஸ்டூடியோவைத் தொடர்ந்து நடத்தினார். ரோமானா கிரிசனோவ்ஸ்கா நியூயார்க்கில் ஆசிரியர் வழியைப் பிடிச்சுக்கிட்டார். ரான் பிளெட்சர் பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டு போய் தன் பாணியைச் சேர்த்தார். கென் எண்டல்மேன்னு ஒரு ஃபர்னிச்சர் செய்றவர், 1970-களில் ஒரு கஸ்டமர் கேட்டாங்கன்னு ரிஃபார்மர் செய்ய ஆரம்பிச்சு, பெரிய கருவிக் கம்பெனியா வளர்ந்தார்.

1990-களில் ஒரு பிசியோதெரபிஸ்ட் "பிலாட்டீஸ்" டிரேட்மார்க்கை விலைக்கு வாங்கினார். அனுமதியில்லாம அந்தப் பெயரைப் பயன்படுத்தினவங்களுக்கு எல்லாம் நோட்டீஸ் போச்சு. பல வருஷமா சொல்லிக்கொடுத்தவங்க, தாங்க என்ன சொல்லிக்கொடுக்குறோம்னே வெளிய சொல்ல முடியாத நிலைமை. எண்டல்மேனோட கம்பெனி மேலயும் வழக்கு. அவர் பணியாம எதிர்த்து நின்னார். 2000 அக்டோபர்ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு: பிலாட்டீஸ்ங்கிறது ஒரு உடற்பயிற்சி முறையோட பொதுப்பெயர், யாரும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது. டிரேட்மார்க் ரத்து.

யோசிச்சுப் பாருங்க. மெஷின் காப்புரிமைக்கு ஆயுள் 17 வருஷம்தான். அவர் உயிரோட இருந்தப்பவே அது காலாவதி. மிச்சம் இருந்தது பெயர். அதுவும் பொதுச்சொத்து ஆனதாலதான் இன்னைக்கு ஊர் ஊருக்கு ஸ்டூடியோ இருக்கு. அவர் ஆசைப்பட்டது அதைத்தானே?

ஆனா இதுக்கு ஒரு விலையும் இருக்கு. போர்டுல "பிலாட்டீஸ்"னு எழுத யாரோட அனுமதியும் வேண்டாம். வருஷக்கணக்கா கத்துக்கிட்டவரும் எழுதலாம், ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சவரும் எழுதலாம். பெயர் உத்தரவாதம் தராது. அதனால முதுகுவலின்னு ஒரு ஸ்டூடியோவுக்குப் போனா, ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி "நீங்க யார்கிட்ட, எத்தனை நாள் கத்துக்கிட்டீங்க?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!