லேட்டஸ்ட் ஃபேஷனாம்ல!

எடிசன்ல வீடு வாங்கின நண்பர் கிச்சன் சுவருக்கு மேடுபள்ளமான டைல்ஸ் ஒட்டப் போறாராம். "லேட்டஸ்ட் ஃபேஷன்" என்றார். அட போங்கப்பா! முக்கால் மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் ட்ரெண்டன் ஊரில் 1880கள்லயே இதுதான் தொழில்.

ட்ரெண்ட் டைல் கம்பெனியில் ஐசக் ப்ரூம் என்ற சிற்பி முகங்களைப் புடைப்பாக வடிப்பார். அந்த அச்சில் களிமண்ணை அழுத்திச் சுட்டு, மேலே வண்ணப் பூச்சு. பூச்சு பள்ளத்தில் தேங்கிக் கருக்கும், மேட்டில் வெளுக்கும். ஒரே நிறம்தான், ஆனா நிழல் போட்ட ஓவியம் மாதிரி இருக்கும். (ரகசியமே அவ்வளவுதான் :-))

அப்புறம் கிருமி பயம் வந்துச்சு. தூசி தங்குற சுவரே ஆகாதுன்னு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் குளியலறையும் சமையலறையும் வழவழ வெள்ளைக்கு மாறின. அந்த பயத்தில் நியாயம் இருக்கு. தாளிக்கிற எண்ணெய் பள்ளத்தில் ஏறினா யார் தேய்ப்பது? அடுப்புக்குப் பின்னால வழவழ, ஹாலில் மேடுபள்ளம். இதுதான் என் கட்சி.

அமெரிக்கா கைவிட்ட காலத்தில் நம்ம செட்டிநாட்டுக்காரங்க ஜப்பானிலிருந்து புடைப்புப் பூ டைல்ஸ் வரவழைச்சு வீட்டுச் சுவரில் பதிச்சாங்க. இப்போ அந்த வீடுகள் பலதையும் இடிச்சு, பெயர்த்ததை காரைக்குடி பழைய சாமான் கடைகளில் விக்கிறாங்க. கையில் கிடைச்சா திருப்பிப் பாருங்க, பலதின் முதுகில் ஜப்பான் பேர் இருக்கும்.