வீட்டு இன்குபேட்டரில் குஞ்சு பொரிப்பு: சிக்கல்களும் கையாளும் முறையும்

கோழி முட்டை 21 நாள் அடையிலிருந்து பொரிகிறது. சூடு கொடுப்பது, ஈரம் காப்பது, முட்டையைப் புரட்டுவது என்று அடைக்கோழி செய்யும் வேலைகளை ஒரு பெட்டிக்குள் செய்து முடிப்பது இன்குபேட்டர். தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை, கடக்நாத் கோழிகளை வளர்ப்பவர்கள் பலர் தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, சின்ன விசிறி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றைக் கொண்டு தாங்களே செய்த பெட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். கரு கூடிய முட்டையிலும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறப்பது, ஓட்டைக் கொத்திவிட்டு வெளிவர முடியாமல் திணறுவது, வந்த குஞ்சு கால் விரிந்து நிற்க முடியாமல் போவது, கொப்பூழ் ஆறாமல் சாவது ஆகியவை இதில் அடிக்கடி நேர்பவை. இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் கடைசி மூன்று நாளில்தான் கண்ணில் படும். அவற்றின் காரணம் அதற்கு முந்தைய 18 நாளில் உருவாகியிருக்கும். கடைசி நாளில் கை கொடுத்துக் காப்பாற்றக்கூடிய குஞ்சுகள் சிலவே என்பதையும், அவசரப்பட்ட கையாலேயே சாகும் குஞ்சுகளும் உண்டு என்பதையும் வளர்ப்பவர் முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

சூடும் ஈரமும்

விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருக்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து ஒரு டிகிரி கூடுதலாக வைக்க வேண்டும். சூடு தொடர்ந்து சற்றுக் குறைவாக இருந்தால் குஞ்சு 22, 23ஆம் நாளுக்குத் தள்ளிப்போகும். வயிறு பெருத்து, தளர்ந்து வரும். சற்றுக் கூடுதலாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே, சிறிய உடலோடும் ஆறாத கொப்பூழோடும் வரும். குறைந்த சூட்டைக் கரு ஓரளவு தாங்கும், மிகுந்த சூட்டைத் தாங்காது. 40.5 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கருக்கள் கூட்டமாகச் சாகும். இன்குபேட்டர் சூடாக்குமே தவிர குளிர்விக்காது. எனவே அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரிலோ திருச்சியிலோ அறையே 40 டிகிரியை எட்டும்போது, பல்பு அணைந்த பின்னும் பெட்டி கொதிக்கும். அந்த நாட்களில் பெட்டியை வீட்டின் குளிர்ந்த அறையில் தரையோடு வைப்பதே வழி. தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வைக்கவே கூடாது.

மின்வெட்டைக் கண்டு பலர் அளவுக்கு மீறிப் பதறுகிறார்கள். அடைக்கோழியே இரை தின்ன நாளுக்கு ஒருமுறை முட்டையை விட்டு எழுந்துபோகிறது. அந்த நேரத்தில் முட்டைகள் ஆறத்தான் செய்கின்றன. பெட்டியைத் தேவையின்றித் திறக்காமல், காற்றுத் துளைகளை மூடாமல் சுற்றிலும் போர்வை போர்த்தி, நேரம் நீண்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே வைத்தால் ஓரிரு மணி நேர வெட்டு பெரிய சேதம் தராது. வீட்டில் அடைக்கோழி இருந்தால் முட்டைகளைத் தற்காலிகமாக அதன் அடியில் வைக்கலாம். நீண்ட வெட்டுக்குப் பிறகும் முட்டைகளை எறிந்துவிடாமல் நான்கைந்து நாள் ஓடவிட்டு, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரத்த நாளங்கள் தெளிவாக ஓடுவதும் கரு அசைவதும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு முதல் வாரத்திலேயே இறந்துவிட்டது.

ஈரம்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை இழக்க வேண்டும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை என்றால் 5 கிராமுக்குச் சற்று மேல். இழப்பு குறைந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு உள்ளே நீரில் மூழ்கியதுபோல் இறக்கும். மிகுந்தால் குஞ்சு சிறுத்து, சவ்வு உலர்ந்து உடலோடு ஒட்டும். முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம், கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70 என்பது பொதுக் கணக்கு. ஆனால் வடகிழக்குப் பருவமழையின்போது சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது கேடாக முடியலாம். ஆகவே மலிவான ஈரப்பதமானி காட்டும் எண்ணைவிட, முட்டைகளை வாரம் ஒருமுறை தராசில் நிறுப்பது நம்பகமானது. ஈரப்பதமானியையும் சோதிக்கலாம். சில சொட்டு நீரில் குழைத்த உப்போடு அதைக் காற்றுப் புகாத டப்பாவில் சில மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பிழை.

முட்டைகளை நாளுக்கு மூன்று முறையாவது புரட்டாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டி இறக்கும், அல்லது தலை தவறான இடத்தில் அமையும். 18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, காற்றுத் துளைகளை நன்றாகத் திறந்து, மூடியைச் சாத்திவிட வேண்டும். அதன் பின் அடிக்கடி திறந்து பார்ப்பது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடுவதாகும்.

ஓட்டைக் கொத்திய பிறகு

கடைசி நாட்களில் முட்டைக்குள் நடப்பது மிக நுட்பமானது. அதைத் தெரிந்துகொண்டால் எப்போது உதவ வேண்டும், எப்போது கூடாது என்பது தானே விளங்கும். அதுவரை கரு, ஓட்டை ஒட்டி விரிந்த இரத்த நாளங்கள் வழியாக மூச்சு வாங்கியது. 19, 20ஆம் நாளில் குஞ்சு அலகால் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் மூக்கை நுழைத்து நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்குகிறது. உள்ளிருந்து கீச்சிடும் ஒலி அப்போதுதான் கேட்கும். காற்றறையில் கரியமில வாயு கூடக் கூட, கழுத்துத் தசை துடித்து, அலகு நுனியில் உள்ள முட்டைப்பல் ஓட்டை உடைக்கிறது. முதல் விரிசலுக்குப் பின் குஞ்சு 12 முதல் 24 மணி நேரம் வரை அசையாமல் கிடக்கலாம். அந்த நேரத்தில் சவ்வு நாளங்களில் உள்ள இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. மிச்ச மஞ்சள் கருவும் கொப்பூழ் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. குஞ்சு சோர்ந்துவிட்டது என்று நினைத்து அப்போது ஓட்டை உரித்தால், இரத்தம் கொட்டும் அல்லது மஞ்சள் கருப் பை வெளியே தொங்கும்.

எனவே விரிசல் விழுந்து 24 மணி நேரம் முன்னேற்றமே இல்லாதபோது, அல்லது திறந்த பகுதியில் சவ்வு வெளுத்துத் தோல்போல் காய்ந்து குஞ்சை இறுக்கியிருக்கும்போது மட்டுமே தலையிட வேண்டும். கையைச் சோப்பால் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், மூக்குத் துளையில் நீர் இறங்காமல், சவ்வை ஈரப்படுத்த வேண்டும். காற்றறைக்கு மேலுள்ள ஓட்டை மட்டும் சிறு சிறு துண்டாக எடுக்கலாம். ஈரப்பட்ட சவ்வில் சிவப்பு நாளம் தெரிந்த அந்தக் கணமே நிறுத்தி, முட்டையைப் பெட்டியில் திருப்பி வைத்துச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாளங்கள் வற்றியிருந்தால் தலையை விடுவித்து, பின்பாதி ஓட்டைக் குஞ்சே உதைத்துத் தள்ளும்படி விட்டுவிடுவது நல்லது. வெளிவந்த குஞ்சின் வயிற்றிலிருந்து ஏதேனும் நூல்போல் தொங்கினால் இழுக்கக் கூடாது. அது தானே உலர்ந்து விழும்.

தலை வலது சிறகின் கீழ், அலகு காற்றறையை நோக்கி இருப்பதே இயல்பான நிலை. தலை கூர் முனைப் பக்கம் இருந்தால் விரிசல் அங்கே விழும். அந்தப் பக்கம் காற்றறை இல்லாததால் குஞ்சுக்கு மூச்சு முட்டும் அபாயம் உண்டு. மூக்குக்கு வழி கிடைக்குமளவு துளையை மெல்ல அகலப்படுத்திவிட்டு மேற்சொன்னபடி காத்திருப்பதே இங்கே செய்யக்கூடியது. முட்டைகளைக் கூர் முனை மேலாக வைத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பொரிந்த குஞ்சு

பொரிந்த குஞ்சை உடனே வெளியே எடுக்க வேண்டியதில்லை. உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு, மூன்று நாளுக்கு உணவாகும். பல்லடத்துப் பொரிப்பகங்கள் ஒருநாள் குஞ்சுகளைத் தீனி இல்லாமல் வெளியூர் அனுப்ப முடிவது இதனால்தான். ரோமம் உலர்ந்து பஞ்சாகும்வரை பெட்டியில் விட்டு, பிறகு 35 டிகிரி சூடுள்ள அடைக்கூண்டுக்கு மாற்றி, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் சூட்டைக் குறைக்கலாம்.

கால் விரிதல் பெரும்பாலும் வழுக்கும் தரையால் வருவது. செய்தித்தாளுக்குப் பதில் சாக்கோ சொரசொரப்பான துணியோ விரித்தால் பாதி தடுக்கப்படும். விரிந்துவிட்டால் முதல் இரண்டு நாளுக்குள், கால்கள் இயல்பாக நிற்கும் அகலத்தில் ஒட்டுப்பட்டையால் இரண்டையும் இணைத்துக் கட்டினால் நான்கைந்து நாளில் நேராகிவிடும். நாள் கடந்தால் எலும்பும் தசைநாரும் அப்படியே இறுகிவிடும். விரல்கள் உட்புறம் சுருண்டிருந்தால் தாய்க்கோழிகளின் தீவனத்தில் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் போதாமையையும் சந்தேகிக்க வேண்டும்.

கொப்பூழ் சிறு உலர்ந்த பொருக்காக இருந்தால் கவலையில்லை. திறந்திருந்தால் போவிடோன் அயோடின் தொட்டு வைத்து, சுத்தமான துணி மேல் குஞ்சைத் தனியே வைக்க வேண்டும். வயிறு வீங்கி, கொப்பூழைச் சுற்றிக் கறுத்து, நாற்றம் வந்தால் அது மஞ்சள் கருப் பையில் ஏறிய கிருமித் தொற்று. ஈ.கோலை நுண்ணுயிரி இதில் முதன்மையானது. அத்தகைய குஞ்சு பிழைப்பது அரிது. மற்றவற்றிடமிருந்து உடனே பிரிக்க வேண்டும்.

பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்தல்

23ஆம் நாளுக்குப் பின் மிஞ்சிய முட்டைகளைக் குப்பையில் போடாமல், வீட்டுக்கு வெளியே வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பவர் அடுத்த முறை தேறுவார். கருவின் அடையாளமே இல்லாதது கூமுட்டை; சேவலையும், சேவலுக்கு எத்தனை கோழி என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். முதல் சில நாளில் இறந்தவை அதிகமென்றால் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் சேமிக்கப்பட்டிருக்கலாம், வெயிலில் கிடந்திருக்கலாம், பயணத்தில் குலுங்கியிருக்கலாம். முழுதாக வளர்ந்த குஞ்சு நீர் சூழ இறந்திருந்தால் ஈரம் மிகை. காய்ந்து ஒட்டியிருந்தால் குறை. கறுத்து நாறுவது கிருமி புகுந்த முட்டை. வாயு சேர்ந்து பெட்டிக்குள்ளேயே வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால், நாற்றம் வீசும் முட்டையையும் ஓட்டில் கசிவு தெரிவதையும் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். சால்மொனெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும் என்பதால் குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்காமல், முடிந்ததும் கையைச் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்த அடைக்கு முன் பெட்டியைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, முழுக்க உலர்த்த வேண்டும். கறை ஊறிப்போன தெர்மாகோலைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.